வீழ்கல்லும் நுண்ணலையும்

நோர்வூட் மலைச்சரிவிலிருந்து கூழாங்கல்லும் பெருங்கல்லும் ஒருங்கே வீழ்ந்தால், காற்றின் தடை நீங்கலாக, இரண்டும் ஒருங்கே நிலத்தை அடையும். வீழும் வேகத்தில் திணிவுக்குப் பங்கில்லை. ஹட்டன் பஸ் சடுதியாகப் புறப்படுகையில், ஏதோவொன்று பின்னோக்கி இழுப்பதுபோல் பருத்தவரும் மெலிந்தவரும் ஒருங்கே சாய்கின்றனர் அல்லவா? ஈர்ப்பும் இத்தகையதே, சிறியதோர் இடத்தினுள் ஈர்ப்பையும் ஆர்முடுகலையும் வேறுபடுத்தல் இயலாது என்று 1907இல் ஐன்ஸ்டீன் கருதினார். இதுவே சமவலுத் தத்துவம்.

குவாண்டம் பொறியியலோ நுண்துகளை அலையாகக் கொள்கிறது. அவ்வலையின் கணக்கில் திணிவு நீங்குவதில்லை. அங்ஙனமாயின் இவ்விரு பெருங்கொள்கைகளும் முரணுமோ? முரணின், ஒன்றேனும் திருத்தப்படல் வேண்டும்.

1975இல் அமெரிக்காவிலே கொலெல்லா, ஓவர்ஹவுசர், வேர்னர் என்னும் மூவர் நியூத்திரன் கற்றையைச் சிலிக்கன் பளிங்கினால் இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு உயரங்களிற் செலுத்தி மீண்டும் இணைத்தனர். ஈர்ப்பினால் அலைகளின் ஒழுங்கு பிறழ்ந்தது. அப்பிறழ்வின் அளவு திணிவைச் சார்ந்தே நின்றது.

தத்துவம் பொய்த்ததா? இல்லை. 1983இல் பொன்சே, விரோப்லெவ்ஸ்கி இருவரும் அத்தகைய கருவியைக் கிடையாக அசைத்து ஆர்முடுக்கினர். அங்கும் அதே கணக்கின்படி அலைகள் பிறழ்ந்தன. திணிவு வெளிப்பட்டாலும் இரண்டிடத்தும் ஒரே வகையாகவே வெளிப்படுகிறது.

2020இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் திணிவு வேறுபட்ட இருவகை ருபீடிய அணுக்களை ஒருங்கே வீழவிட்டனர். இலட்சங்கோடியிற் சில பங்கு நுட்பத்திலும் வேறுபாடு காணப்படவில்லை.

ஈர்ப்பையே குவாண்டம் விதிக்குள் அடக்கும் முழுக்கொள்கை இன்னும் கைகூடவில்லை. எனினும், சோதனை எட்டிய எல்லைவரை இரண்டும் பகையல்ல.