இருட்டுச் சடக்கில் முன்னே யார், பின்னே யார்?

லயத்திலிருந்து பெரிய சடக்குக்குப் போகிற வழி எவ்வளவு தூரம் இருக்கும்? சில தோட்டங்களில் அரைக் கட்டை, சில தோட்டங்களில் மூன்று கட்டை. இரண்டு பக்கமும் செம்பனை. விளக்கு என்ற பேச்சே கிடையாது. விடியற்காலையில் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க அந்த வழியில் நடக்கிற நம் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பாம்புக்குப் பயமில்லை, காட்டுப் பன்றிக்கும் பயமில்லை என்பார்கள். "பின்னால காலடிச் சத்தம் கேட்டாத்தாங்க நெஞ்சு திக்குங்குது" என்பார்கள்.

பின்னால் வருகிறவர் யார்? பெரும்பாலும் அவரும் சோற்றுத் தூக்கைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிற ஆள்தான். அவர் பாடும் சங்கடந்தான். மெதுவாக நடந்தால் பின்தொடர்கிறான் என்று ஆகிவிடும். எட்டி நடந்தால் துரத்துகிறான் என்று ஆகிவிடும். நின்றுவிட்டாலோ, "எதுக்கு நின்னான்?" என்று சந்தேகம். சிலர் ஒரே மூச்சில் முந்திப் போய்விடுவார்கள். அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. முந்தினவர் அப்புறம் வேகத்தைக் குறைக்க முடியாது. குறைத்தால் மறுபடியும் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவார்கள். பாவம், சிம்பாங் வரைக்கும் ஓட்டமும் நடையுமாக, மூச்சு வாங்கப் போய்ச் சேர வேண்டியதுதான். போய்ச் சேர்ந்து ஏறுவது என்னவோ ஒரே பஸ்!

"அந்தக் காலத்தில் ஆறு மணிக்கு இவ்வளவு இருட்டு இல்லையே" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது பொய்யில்லை. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, சபா சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. சூரியன் கடிகாரம் பார்த்தா வருகிறது? இப்போது ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான் எட்டிப் பார்க்கிறது. பழைய ஆறு மணி வெளிச்சம் இன்றைக்கு ஆறரைக்குத்தான் கிடைக்கும். பஸ்காரரும் பெரட்டு எடுக்கிறவரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இருட்டில் நடக்கிற பாடு நடக்கிறவர்களுக்கு.

சங்கடம் இருவருக்கும் உண்டு என்றாலும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆணுக்கு வருவது வெட்கம், பெண்ணுக்கு வருவது பயம். ஆகவே, மரியாதை காட்டுகிற பொறுப்பு பின்னால் வருகிற ஆணுக்கே அதிகம் என்பது நம் கருத்து.

முதலில் குரல் கொடுக்க வேண்டும். அதுவும் எட்ட இருந்தே கொடுக்க வேண்டும். முதுகுக்குப் பக்கத்தில் வந்து நின்று கனைத்தால் யாருக்கும் உயிர் போய் உயிர் வரும். இருபது முப்பது அடி இருக்கும்போதே "முன்னால போறேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லி, சடக்கின் மறு ஓரமாக விலகி, நிற்காமல் போய்விடலாம். திரும்பித் திரும்பிப் பார்ப்பது வேண்டாம். டார்ச்சு லைட்டைத் தரையில் அடியுங்கள். முதுகில் அடித்தால் அவர் நிழலே அவருக்கு முன்னால் பூதம் மாதிரி நீளும். பால் மரம் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டுகிற லைட்டும் அப்படித்தான். எதிரே வருகிறவரிடம் பேசத் தலையைத் திருப்பினால் அவருக்குக் கண் கூசும், ஆள் யாரென்று தெரியாது. கையால் லைட்டைக் கீழே சாய்த்துவிட்டுப் பேசுவது பெரிய வேலையா? கைப்பேசியில் பாட்டை அலற விட்டுக்கொண்டு போகிற பையன்களைப் பலர் திட்டுகிறார்கள். நாம் திட்ட மாட்டோம். ஆள் எங்கே வருகிறான் என்றாவது தெரிகிறதே!

இன்று பல தோட்டங்களில் வெளிக்காட்டு வேலையில் நம்மவரைவிட இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவர்களுமே அதிகம். அவர்களும் அதே சடக்கில்தான் நடக்கிறார்கள். இங்கேதான் பேச்சும் பழக்கமும் முட்டிக்கொள்கின்றன.

வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே?" என்று கேட்பது நம்மவர்களுக்கு ஆகாது. சகுனத் தடை. "தூரமா?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் மலாய்க்காரரும் இந்தோனேசியரும் வழியில் ஆளைப் பார்த்தால் கேட்பதே அதைத்தான்: "நா கெ மானா?", "மாவ் கெ மானா?" தனியாகப் போகிற நம் பெண்ணுக்கு இது காதில் விழுந்தால், 'நான் எங்க போனா இவனுக்கென்ன?' என்று கோபம் வருகிறது. உள்ளபடி அது வெறும் முகமன். நாம் "பசியாறியாச்சா?" என்று கேட்கிற மாதிரி. கேட்கிறவர் சோறு போடவா கேட்கிறார்? அதற்கு ஊரும் வீட்டு நம்பரும் சொல்ல வேண்டியதில்லை. "கெ சானா", அதாவது 'அந்தப் பக்கம்', என்று சொல்லிவிட்டு நடந்தால் போதும். கேட்டவரும் அதற்கு மேல் எதிர்பார்ப்பதில்லை.

மலாய்க்காரர் பழக்கத்தில் நமக்குப் பிடித்த ஒன்று உண்டு. ஒருவரைக் கடந்து போகும்போது லேசாகக் குனிந்து, வலக்கையைத் தாழ்த்தி நீட்டி, "தும்பாங் லாலு" என்று சொல்லிப் போவார்கள். 'கொஞ்சம் வழி விடுங்கள், போய்க்கொள்கிறேன்' என்று அர்த்தம். இந்தோனேசியர் "பெர்மிசி" என்பார். நம் இளைஞர்களுக்கும் இந்த இரண்டு சொல் வாயில் வந்தால் நல்லது.

பேராக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா நம்மிடம் சொன்னது. மூன்று பெண்கள் தினமும் விடியுமுன் பஸ்ஸுக்கு நடக்கிறவர்கள். ஒரு வங்காளதேசப் பையன் தினமும் பின்னாலேயே வருகிறான். பேசுவதில்லை, முந்துவதில்லை, பின்தங்குவதும் இல்லை. பேச்சு லயம் முழுக்கப் பரவியது. நம் பையன்கள் இரண்டு பேர் கட்டையைத் தூக்கிக்கொண்டு தயாராகிவிட்டார்கள்.

அந்த அம்மா, "பொறுங்கடா, நான் கேக்கிறேன்" என்று மறுநாள் காலையில் தானே சடக்கில் போய் நின்றுவிட்டார். மலாயில் விசாரித்தால் கதை வேறு! அவனுக்கு அடுத்த டிவிஷனில் பெரட்டு. இதே வழி, இதே நேரம். "முந்திப் போனா அக்காமாரு பயந்துக்குவாங்கன்னு பின்னாலேயே வந்தேன்" என்றானாம். அவன் மரியாதை என்று நினைத்துச் செய்ததுதான் இவர்களுக்குத் திகிலாக இருந்திருக்கிறது!

"இனிமே நீ ஜாலான் டூலு, தம்பி" என்று அந்த அம்மா அவனை முன்னால் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அவன் டார்ச்சு அடித்துக்கொண்டு முன்னே போகிறான். பெண்கள் அந்த வெளிச்சத்தில் பின்னே போகிறார்கள். "நடுவுல ரெண்டு நாளு காய்ச்சல்னு அவன் வரல. அந்தத் தம்பியக் காணோமேன்னு இவளுங்களே கேக்கிறாளுங்க" என்று சிரிக்கிறார்.

கட்டை வீசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாடு விட்டு நாடு வந்து, பர்மிட்டை நினைத்துப் போலீஸ் நிலையத்துக்கே போகப் பயப்படுகிற பையன். அடிபட்டாலும் யாரிடம் சொல்லியிருப்பான்? நம் பிள்ளைகள் இரண்டு பேர் லோக்கப்பில் இருந்திருப்பார்கள்.

அடுத்தது மோட்டார் சைக்கிள் அண்ணன்மார்கள். மழையில் நனைந்து போகிற பெண்ணைப் பார்த்து, "தும்பாங் வேணுமாம்மா?" என்று நிறுத்துவது நல்ல மனசுதான். ஒரு தடவை கேளுங்கள். "பரவால்லண்ணே" என்றால் உடனே கிளம்பிவிடுங்கள். பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு "சும்மா ஏறும்மா, என்ன பயம்?" என்று கேட்கிறவர் நல்லவராகவே இருந்தாலும் அந்த நேரத்தில் அது யாருக்குத் தெரியும்? தெரிந்தவர் வண்டியில்கூடப் பெண்கள் ஏறத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைப் படியிலும் கோயில் திடலிலும் உட்கார்ந்துகொண்டு, "நேத்து யாரோடயோ வந்து எறங்கினாளாமே" என்று இழுக்கிற வாய்கள்! அந்த வாய்க்குப் பயந்துதான் பல பெண்கள் மழையிலும் நடக்கிறார்கள். இதில் குற்றவாளி வண்டிக்காரர் அல்ல, நாம்தான்.

இதெல்லாம் நல்ல மனசோடு வருகிறவருக்கு. கெட்ட எண்ணத்தோடு வருகிறவனுக்குச் சட்டம் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டத்தில் 507ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒருவருக்குப் பயமோ வேதனையோ உண்டாகும் என்று தெரிந்தும் இரண்டு தடவையாவது பின்தொடர்ந்து தொந்தரவு செய்தால் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சந்தேகம் வந்தால் நேரே வீட்டுக்கு ஓடாதீர்கள்; வீட்டைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். ஜாகா நிற்கிற கேட், கோயில், கடை என்று விளக்கும் ஆளும் உள்ள இடத்துக்குப் போங்கள். ஆபத்து என்றால் 999. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று குறித்து வையுங்கள். புகார் செய்யும்போது கேட்பார்கள்.

பஸ் நிற்கிற சிம்பாங்கில் ஒன்று, லயத்து வளைவில் ஒன்று. இரண்டே இரண்டு விளக்குகள் போட்டால் பாதித் தொல்லை தீரும். கம்பி இழுக்க முடியாத இடம் என்று நிர்வாகம் சொன்னால், வெயிலில் மின்சாரம் பிடித்து இரவில் எரிகிற சூரிய விளக்கு இருக்கிறது. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். அந்த வழியில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு நடக்கிறார்கள் என்ற கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். பெண்கள் எத்தனை பேர், பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தனித்தனியாகப் போடுங்கள். அந்த வங்காளதேசத் தம்பிகளையும் கணக்கில் விட்டுவிடாதீர்கள்.