சித்திரையில் விரிசல், ஐப்பசியில் ஒழுகல்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்குத் தெற்கே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. அப்படியொரு மழையில் மாடி ஒழுகினால் யாராக இருந்தாலும் புயலைத்தான் திட்டுவார்கள். ஆனால் தார் ஷீட் ஒட்டிய மாடியாக இருந்தால், திட்ட வேண்டியது ஆறு மாதம் முன்பு போன கத்திரி வெயிலை.

விழுப்புரம் பக்கம் வாட்டர்புரூஃபிங் வேலை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பு ரோலை விரித்துக்கொண்டே, கேஸ் பர்னர் தீயை அதன் அடியில் காட்டி, உருகும் தாரோடு தளத்தில் அழுத்தி ஒட்டிக்கொண்டு போவார்கள். ஷீட்டின் கனம் 3 அல்லது 4 மி.மீ. நடுவில் பாலியெஸ்டர் அல்லது கண்ணாடியிழைத் துணி, இருபுறமும் பிளாஸ்டிக் கலந்த தார். டொராண்டோவில் நம்மவர்கள் குடியிருக்கும் சரிவுக் கூரை வீடுகளில் அடுக்கடுக்காக ஆணியடித்திருக்கும் 'ஷிங்கிள்' இதற்குப் பங்காளி முறை. ரோலாக விற்ற கூரைத் தாளை 1903 வாக்கில் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுப் பார்த்தவர் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரைச் சேர்ந்த ஹென்றி ரெனால்ட்ஸ். வடிவம் எதுவானாலும் இரண்டுக்கும் உயிர் தாரில்தான் இருக்கிறது, நோயும் தாருக்கு வருவதுதான்.

கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் வடித்தெடுத்த பிறகு அடியில் தங்குவது தார். பார்வைக்குக் கல், குணத்தில் திரவம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927இல் இதே இனத்தைச் சேர்ந்த கீலைக் காய்ச்சி ஒரு புனலில் ஊற்றினார். 1930இல் புனலின் அடியை வெட்டித் திறந்துவிட்டார். ஒன்பதாவது சொட்டு பிரிந்தது 2014இல்! சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாக உடையும் பொருள் தானாக ஒழுகவும் செய்கிறது.

இந்த இரட்டைக் குணத்துக்குக் காரணம் தாரின் உள்ளமைப்பு. அஸ்ஃபால்ட்டீன் என்ற கனமான, கெட்டியான மூலக்கூறுகள், மெல்லிய எண்ணெய்களிலும் பிசின்களிலும் மிதந்துகொண்டிருக்கின்றன. எண்ணெய் இருக்கும்வரை தார் வளையும், இழுத்தால் கொஞ்சம் நீளும், சிறிய கீறலைத் தானே மூடிக்கொள்ளும். காற்றின் ஆக்சிஜன் அதில் புகுந்ததும் கணக்கு மாறுகிறது. எண்ணெய்ப் பகுதி பிசினாகிறது, பிசின் அஸ்ஃபால்ட்டீனாகிறது. திண்டிவனத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வைத்து, 'டிஎம்வி' என்று பெயரிட்டுக் கடலை ரகங்களையும் எள் ரகங்களையும் ஊருக்கெல்லாம் கொடுத்த ஊர் அது. மூடாமல் வெயிலில் வைத்த கடலை எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கிறதே, அதைச் செய்யும் ஆக்சிஜன்தான் மாடியில் தாரையும் கெடுக்கிறது.

சூடு ஏற ஏற இந்த வேலை வேகமெடுக்கும். பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் ஒரு தோராயக் கணக்கு. மே மாதம் 40 டிகிரி வெயிலில் கறுப்புத் தளம் 65, 70 டிகிரிக்குப் போய்விடும். காலை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூடவே புற ஊதாக் கதிர். அது தாருக்குள் ஆழமாகப் போகாது, மேல்தோலை மட்டும் தாக்கும். அந்தத் தோல் விறைத்துச் சுருங்கும். அடியில் இருப்பதோ இன்னும் இளகிய தார். இரண்டும் ஒத்துப்போகாமல் மேலே வலைப்பின்னலாக வெடிப்பு விழும். வெடிப்பின் வழியே புதுத் தார் வெயிலுக்கு வெளிப்படும். ஐந்தாறு வருஷம் வெறுமனே வெயில் காய்ந்த ஷீட்டை விரலால் தேய்த்தால் கையில் ஒட்டுவது பிசுக்கு அல்ல, கறுப்புப் பொடி.

மழை எங்கே வருகிறது? தாரைக் கெடுப்பதில் அதன் பங்கு சிறியது. கொதிக்கும் தளத்தில் கோடை மழை திடீரென்று விழுந்தால் ஷீட் சட்டென்று சுருங்கும். பழைய ஷீட்டால் அதைத் தாங்க முடியாது. தண்ணீர் தேங்கி வற்றும் பள்ளங்களில் வண்டல் படலம் காய்ந்து சுருளும்போது தாரின் தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். அவ்வளவுதான். வெயில் திறந்துவிட்ட வழியில் நுழைவதே மழையின் மற்ற வேலை.

வெயில் படாத தார் எப்படி இருக்கும் என்பதற்கு மொகஞ்சதாரோ சாட்சி. அங்குள்ள பெருங்குளத்தின் செங்கல் சுவருக்குள் நீர் கசியாமல் இருக்கத் தார் பூசினார்கள். நாலாயிரம் வருஷத்துக்கும் மேலாகியும் அந்தப் பூச்சை அகழாய்வில் அடையாளம் காண முடிந்தது. இரண்டு செங்கல் வரிசைக்கு நடுவே வெளிச்சமும் காற்றும் படாமல் கிடந்ததுதான் அதன் அதிர்ஷ்டம்.

ஷிங்கிள் செய்பவர்கள் மேலே கல்துகள்களைப் பதிப்பது இதற்காகத்தான். பலரும் அதை அழகுக்கு என்று நினைக்கிறார்கள். துகள்தான் தாரின் குடை. மழைநீர்க் குழாயின் வாயில் அந்தத் துகள் மணலாகச் சேர ஆரம்பித்தால் கூரைக்கு வயதாகிவிட்டது என்று பொருள். ஷிங்கிளுக்கான தாரை ஆலையிலேயே காற்று ஊதி ஓரளவு ஆக்சிஜனேற்றம் செய்து கெட்டியாக்குகிறார்கள், வெயிலில் உருகி வழியாமல் இருக்க. அதாவது பாதி முதுமையோடுதான் அது கூரை ஏறுகிறது.

நம் ஊர்க் கொத்தனார்களின் பழைய முறை என் கண்ணுக்கு இதைவிடப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய், வெல்லம் ஊறிய நீர் தெளித்துக் கட்டையால் அடித்துத் தளம் போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். தாருக்கு அங்கே வேலையே இல்லை. தார் ஷீட்தான் வேண்டும் என்றால், ஷீட்டை அடியில் போட்டு மேலே தட்டோடு பதித்துவிடலாம். செலவு கட்டுப்படியாகாவிட்டால் வெள்ளைப் பூச்சாவது அடிக்கலாம். கறுப்புத் தளம் விழும் வெயிலில் இருபதில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். நல்ல வெள்ளை முக்கால் பங்கு வரை அனுப்பும். தூசி படிந்தால் அது குறையும், அதனால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும்.

ஏற்கெனவே ஒட்டியிருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்காமல் ஆவணிக்குள் மாடி ஏறுவது நல்லது. முதலில் பார்க்க வேண்டியவை ஷீட்டும் ஷீட்டும் மேல்படியும் ஓரம், கைப்பிடிச் சுவரில் மடித்து ஏற்றிய மூலை, தண்ணீர் இறங்கும் குழாயைச் சுற்றிய வட்டம். எங்காவது கொப்புளம் இருந்தால், அடியில் மாட்டிய ஈரம் வெயிலில் ஆவியாகி ஷீட்டைத் தூக்கியிருக்கிறது. அதைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, நன்றாக உலரவிட்டு, மேலே புதுத் துண்டை உருக்கி ஒட்டினால் போதும், மாடி முழுவதையும் பெயர்க்க வேண்டியதில்லை.