உண்ணிக்கு வேலி உண்டோ?

பட்டிப்பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் தீட்டி, கழுத்தில் மாலை சூட்டுகின்றோம். மாலை சூட்டும் அந்தக் கை மாட்டின் காதுமடலையும் ஒருமுறை உயர்த்திப் பார்த்தல் நன்று. ஆமணக்கு விதை போன்று பருத்த உண்ணிகள் அங்கே ஒட்டியிருக்கக் காணலாம். (இலத்தீன் மொழியிலும் ஆமணக்கின் பெயர் உண்ணியின் பெயரே.)

மாட்டுண்ணி ஏறக்குறைய மூன்று வாரம் மாட்டின் உடலிலேயே குருதி குடித்து வளர்கின்றது. பின்னர் நிலத்தில் வீழ்ந்து, ஈராயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மடிகின்றது. பொரித்த குஞ்சுகள் புல்நுனியேறி அடுத்த மாட்டுக்காகக் காத்திருக்கும். குருதி இழப்பினும் கொடியது உண்ணி புகுத்தும் நுண்ணுயிர். காய்ச்சல் கண்டு, சிறுநீர் செந்நிறமாகி, கறவை வற்றிப் பசு மாண்டும் போகலாம். அயல்நாட்டுக் கலப்பினப் பசுக்களே இதற்கு எளிதில் இரையாகின்றன. பால் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பத்துக்கு இது சிறு நட்டமன்று.

மானிப்பாயில் ஒருவர் தம் பசுவுக்கு ஒழுங்காக மருந்து தெளிக்கின்றார் என்று கொள்வோம். கட்டாக்காலி மாடு ஒன்று அவர் வளவுக்குள் புகுந்து போனால் அவர் பட்ட பாடு வீணாகும். தனியொருவர் முயற்சி போதாத இடத்திலேதான் ஊராட்சியின் கடமை தொடங்குகின்றது. கட்டாக்காலிகளைத் தடுக்க 1876ஆம் ஆண்டிலேயே இலங்கையில் சட்டம் பிறந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் பின் ஊர்களில் இப்பொறுப்பு பிரதேச சபைகளுக்குரியது. ஆனால், பிடித்த மாடுகளை ஒரே பட்டியில் அடைத்துத் தண்டம் மட்டும் அறவிட்டு அனுப்பினால், அந்தப் பட்டியே உண்ணிச் சந்தையாகிவிடும். தண்டப்பணத்தில் ஒரு பங்கு மருந்துக்குச் செலவாகட்டுமே!

சபையின் மற்றொரு கடமை கொல்களம். 1893ஆம் ஆண்டின் இறைச்சிக்கடைக்காரர் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றி அறுத்தலைத் தடுக்கின்றது. இங்கே நாம் அஞ்சவேண்டியது நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழு. அரிசியினும் பெரிதன்று. அதன் முட்டை கலந்த புல்லை மேயும் ஆடுமாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் தோன்றும். அறுத்த விலங்கின் கட்டியுள்ள ஈரலை வெளியே எறிந்தால் நாய் தின்னும். புழு மீண்டும் பெருகும். நாயைத் தடவிய கையுடன் உணவுண்ணும் குழந்தையின் வயிற்றிலும் அம்முட்டை சேரலாம். பல்லாண்டு கழித்துச் சத்திரசிகிச்சை வேண்டிவரும். ஆகவே கொல்களத்துக்குச் சுற்றுமதிலும், கழிவுக் குழிக்கு இறுகிய மூடியும் வேண்டுமென்பது அழகுக்காகவன்று.

நியூசிலாந்து இவ்வழியில் வெற்றி கண்ட நாடு. அங்கு 1959ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களிடம் இந்தப் பணியை ஒப்படைத்தது. நாய்களை ஓரிடத்தில் திரட்டி, பேதி மருந்து கொடுத்து, கழிவில் புழு உண்டோ என்று சோதித்தார்கள். அந்த மருந்து எதுவென்று நினைக்கின்றீர்கள்? நம் வெற்றிலைத் தட்டத்துப் பாக்கிலுள்ள சத்துத்தான்! பின்னர் சிறந்த மாத்திரைகள் வந்தன. 2002ஆம் ஆண்டில் அந்நோய் நீங்கிய நாடென அது தற்காலிகமாக அறிவிக்கப்பட்டது. எல்லா நாட்டிலும் மக்கள் இப்படி இணங்கினார்கள் என்று சொல்வதற்கில்லை. 1906இல் உண்ணி ஒழிப்பைத் தொடங்கிய அமெரிக்காவில், மாடுகளை முக்கியெடுக்கும் மருந்துத் தொட்டிகளைச் சிலர் வெடிவைத்தே தகர்த்தனர்.

மருத்துவர் கிறீன் 1848 முதல் தங்கி, தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்த ஊர் மானிப்பாய். நோய் வருமுன் காத்தல் என்பது இவ்வூருக்குப் புதிய பாடமன்று. எனினும் வாக்குக் கேட்டு வருபவரிடம் வீதிவிளக்கைப் பற்றி வினவும் நாம், கொல்களக் கழிவு எங்கே போகின்றது என்று வினவுவதில்லை.

சபை விழிக்கும் வரை வீட்டார் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மாட்டிலிருந்து பிடுங்கிய உண்ணியை முற்றத்தில் எறியாதீர்கள். விரலால் நசுக்கவும் வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றிய தகரப்பேணிக்குள் போடுங்கள். முற்றத்தில் வீழ்ந்த உண்ணி அங்கேயே முட்டையிடும்.