வீட்டைக் காலி செய்யும்போது

ஒரு வீட்டைக் காலி செய்யும் பொறுப்பு நம்மிற் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் வந்து சேர்கின்றது. பெற்றோர் மறைந்திருப்பர், உடன்பிறந்தோர் கடல் கடந்து வாழ்வர், கையிலுள்ள விடுமுறையோ ஏழெட்டு நாட்களே. அந்த அவசரத்தில், பழையன யாவும் விறகுக்கே உரியன என்று முடிவுகட்டிவிடுகின்றோம்.

யானும் அவ்வாறு தவறியவனே. எந்தையார் மாலைதோறும் சாய்ந்திருந்து பத்திரிகை படித்த சாய்மனைக் கதிரையில் பிரம்பு தொய்ந்திருந்தது, கையொன்று ஆடிக்கொண்டிருந்தது. பழைய சாமான் வாங்க வந்தவரிடம் அதனை அற்ப விலைக்குக் கொடுத்தேன். வண்டியில் ஏற்றும்போது அவர், "நல்ல முதிரை, ஐயா" என்றார். அதற்குள் பணம் கைமாறிவிட்டது.

அன்று கற்ற பாடம் இதுவே: தளபாடத்தை அதன் மேற்பூச்சைக் கொண்டு மதித்தலாகாது, மரத்தையும் பொருத்தையும் கொண்டே மதித்தல் வேண்டும்.

ஆகவே, முதலில் ஒவ்வொன்றையும் வெளிச்சத்திற்குக் கொணர்ந்து கவிழ்த்துப் பாருங்கள். பூச்சு மறைத்ததை அடிப்புறம் காட்டிவிடும். முதிரை பொன்னிறமாய் மினுங்கும்; கருங்காலி கருமையும் பாரமும் உடையது. மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகையோ ஈரம் பட்டால் ஊதி உதிரும். அதனைச் செப்பனிடுதல் அரிது.

அடுத்து, பூச்சியைக் கவனித்தல் வேண்டும். மரத்திற் சிறு துளைகள் இருப்பதனால் மட்டும் அஞ்சவேண்டியதில்லை. பூச்சி வெளியேறிப் பல்லாண்டுகள் ஆகியிருக்கலாம். அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்துச் சில நாட்கள் விட்டுப் பாருங்கள். புதிய மரப்பொடி உதிர்ந்திருப்பின் பூச்சி இன்னும் உள்ளேயிருக்கக்கூடும். அப்பொருளை ஏனையவற்றினின்றும் உடனே விலக்கி வைத்தல் நன்று.

இவ்வாறு ஆராய்ந்தபின், வைத்திருப்பன, திருத்துவன, கொடுத்துவிடுவன என மூன்றாக வகுக்கலாம்.

திருத்தும்போது பொறுமை வேண்டும். ஆடும் காலுக்கு ஆணி அடிப்பது பெரும்பிழை. ஆணி மரத்தைப் பிளக்கும். பின்னர் வரும் தச்சருக்கும் இடையூறாகும். முன்னையோர் பொருத்துக்களில் இட்ட வச்சிரப் பசை வெப்பத்திற்கும் ஈரத்திற்கும் இளகுவது. ஆதலின் பொருத்தைக் கழற்றி, பழம்பசையை நீக்கி, மீண்டும் ஒட்டுதல் இயலும். பிரம்பு அறாது தொய்ந்திருப்பின், அடிப்புறத்தை வெந்நீரில் தோய்த்த துணியால் நன்கு நனைத்து நிழலில் உலரவிடுங்கள். பெரும்பாலும் அது இறுகிவிடும். எந்தத் தளபாடத்தையும் கடும் வெயிலில் உலர்த்துதல் ஆகாது, மரம் வெடிக்கும்.

மேற்பூச்சைச் சுரண்ட விரைதலும் தகாது. மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பூச்சு பிசுபிசுத்தால் அது பெரும்பாலும் அரக்கைக் கரைத்துப் பூசிய பழைய பொலிஷ். தேர்ந்த தச்சர் அதனைச் சுரண்டாமலே புதுப்பிப்பார். பழைய நிறப்பூச்சுக்களில் ஈயம் கலந்திருக்கலாம். அவற்றை உலர்ந்தபடியே தேய்த்தால் எழும் தூசி, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, நஞ்சாகும்.

இறுதியாக ஒன்று. எதையும் கொடுத்துவிடுமுன் தொலைவிலுள்ள உடன்பிறந்தோரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். வைத்திருக்கும் பொருளுக்கு, அது யாருடையது, எம்மரத்தாலானது என்று ஒரு தாளில் எழுதி இழுப்பறையினுள் ஒட்டிவையுங்கள். எங்கள் வீட்டில் எஞ்சிய மேசைக்கு அவ்வாறே செய்துள்ளேன். அடுத்த முறை வீட்டைக் காலி செய்வோர் என்னைப்போல் விலை பேசிய பின்னர் மரத்தின் பெயரை அறியவேண்டியதில்லை.