குளிர்நாட்டில் வீடு தேடும் முன்

நாங்கள் இருவரும் சித்தூரில் ஆசிரியப் பணி செய்து ஓய்வு பெற்றவர்கள். ஓய்வுக்குப் பின் திருப்பதியில், காந்தி சாலைக்கு அருகே ஒரு சிறிய வீட்டில் குடியேறினோம். கோவிந்தராஜ சுவாமி கோயில், ரயில் நிலையம், காய்கறிக் கடை, மருந்துக் கடை, எங்கள் வங்கிக் கிளை ஆகிய அனைத்தும் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. அறுபது வயதைக் கடந்த பின்னரும் ஸ்ரீவாரி மெட்டின் 2,388 படிகளை ஆண்டுக்கொரு முறை ஏறி வந்தோம். நடப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதைக் கனடாவின் கால்கரி நகருக்குச் சென்ற பிறகே அறிந்தோம்.

எங்கள் மகள் அங்கு ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறாள். பேரனைப் பார்த்துக்கொள்வதற்காக ஒரு நவம்பர் மாதம் அவளிடம் சென்றோம். இவ்வட்டாரத்திலிருந்து பிள்ளைகளைக் குளிர்நாடுகளுக்கு அனுப்பும் குடும்பங்கள் இன்று பல. அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எங்கள் அனுபவத்தை இங்கு பகிர்ந்துகொள்கிறோம்.

முதல் வீடு

மகளும் மருமகனும் முதலில் எடுத்த வீடு நகரின் ஓரத்தில், புதிதாக எழுந்த குடியிருப்பில் இருந்தது. மூன்று படுக்கையறைகள், பின்புறத் தோட்டம், வாடகையும் குறைவு. படத்தில் பார்த்தபோது எங்களுக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

சென்ற பிறகுதான் சிக்கல் புரிந்தது. வரைபடத்தில் கடைத்தெரு அரை கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஆனால் அத்தகைய குடியிருப்புகளில் தெருக்கள் வளைந்து சென்று முட்டுச் சந்தாக முடிகின்றன. ஒரு வீட்டின் கொல்லைப்புறத்திலிருந்து அடுத்த தெருவுக்குக் குறுக்கு வழி கிடையாது. சுற்றிக்கொண்டு போனால் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். இடையில் ஆறு தடங்கள் கொண்ட ஒரு சாலையையும் கடக்க வேண்டும். காரில் செல்பவருக்கு இது ஐந்து நிமிடம்; நடப்பவருக்கு அரை மணி நேரம்.

கோடையில் அந்த அரை மணி நேரம் இனிமையாகவே இருந்திருக்கும். கால்கரியின் டிசம்பரில் பகற்பொழுது ஏறத்தாழ எட்டு மணி நேரமே. காலை எட்டரை மணிக்குப் பிறகு எழும் கதிரவன் மாலை நாலரை மணிக்கு மறைந்துவிடுகிறது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகை இருக்கும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உடல் உணர்வது உறைநிலைக்குக் கீழே 33 பாகைக் குளிர். அந்நிலையில் திறந்திருக்கும் தோல் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் உறைந்து புண்ணாகலாம்.

வீட்டில் ஒரே கார். அதை மருமகன் பணிக்கு எடுத்துச் செல்வார். ஆகவே வார நாட்களில் நாங்கள் இருவரும் பேரனுடன் வீட்டுக்குள்ளேயே இருந்தோம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர, வாசற்படியைத் தாண்டிய நாட்கள் மிகச் சில. எங்களில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. நாள்தோறும் நடந்து கட்டுக்குள் வைத்திருந்த அளவு, நடை நின்ற மூன்று மாதங்களில் ஏறிவிட்டது.

பேருந்து வராத மாலை

ஜனவரியில் ஒரு நாள் மகள் பணி முடிந்து வரும்போது இணைப்புப் பேருந்தைச் சில நிமிட இடைவெளியில் தவறவிட்டாள். அந்தத் தடத்தில் மாலைக்குப் பிறகு மணிக்கு ஒரு பேருந்து மட்டுமே. மருமகனின் கைப்பேசி அணைந்திருந்தது. ஐம்பது நிமிடங்களுக்கு மேல் திறந்தவெளி நிறுத்தத்தில் நின்று அவள் வீடு வந்து சேர்ந்தபோது விரல் நுனிகள் வெளுத்து உணர்வற்றிருந்தன. வெதுவெதுப்பான நீரில் கைகளை வைத்துக்கொண்டு அவள் அழுதாள். வலியால் மட்டும் அழவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

அன்றிரவு மருமகன் இரண்டாவது கார் வாங்கிவிடலாம் என்றார். மகள் வேறு வீடு பார்க்கலாம் என்றாள். நாங்கள் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டோம்.

கணக்கு சொன்னது

நகர மையத்துக்கு அருகே நல்ல பகுதியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை மாதம் 450 டாலர் கூடுதல். கேட்டவுடன் தயங்கினோம். ஆனால் இரண்டாவது காருக்குத் தவணை, காப்பீடு, எரிபொருள், பனிக்காலச் சக்கரங்கள், மருத்துவமனையில் நிறுத்தும் கட்டணம், பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கூட்டியபோது மாதம் 900 டாலரை எட்டியது. மகளின் மாதாந்திரப் பயணச் சீட்டுக்குக் கொடுத்தது போக, 300 டாலருக்கு மேல் மிஞ்சும் என்று தெரிந்தது.

வாடகை குறைவான வீட்டின் உண்மையான விலை, வாடகையும் போக்குவரத்தும் சேர்ந்த தொகையே. வீடு தேடும் ஒவ்வொருவரும் இவ்விரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இழப்பு இல்லாமல் இல்லை. தோட்டம் போயிற்று, ஓர் அறை குறைந்தது. இரவில் ரயில் ஓசை கேட்கிறது. பேரன் தன் அறையை எங்களுடன் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. மருமகனுக்கு முதலில் மனமில்லை; அடுத்த குளிர்காலத்தில்தான் இசைந்தார்.

தேர்ந்த முறை

இறுதியில் எடுத்த வீடு, போ ஆற்றின் வடகரையில் உள்ள சன்னிசைட் என்னும் பழைய பகுதி. கால்கரியின் சி-டிரெயின் என்னும் இலகு ரயில் 1981ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறது. சன்னிசைடில் அதற்கு ஒரு நிலையம் உண்டு. நிலையத்தின் அருகிலேயே மளிகைக் கடை. 2012இல் திறக்கப்பட்ட அமைதிப் பாலத்தின் வழியே ஆற்றைக் கடந்து நகர மையத்துக்கு நடந்தே போகலாம். அங்கே கட்டடங்களைத் தரைக்கு மேல் ஏறத்தாழ 15 அடி உயரத்தில் இணைக்கும் மூடிய நடைபாலங்கள் 1970 முதல் கட்டப்பட்டு வருகின்றன. கடுங்குளிரிலும் அவற்றினுள் மேலங்கியின்றி நடக்கலாம். மத்திய நூலகத்தின் அடியிலேயே ரயில் பாதை செல்கிறது. வாரம் இருமுறை பேரனை அங்கே அழைத்துச் சென்றோம்.

தேடியபோது நாங்கள் கடைப்பிடித்தவை இவை:

• நேர்க்கோட்டுத் தொலைவை நம்பவில்லை. வரைபடத்தில் நடைவழியைத் தேர்ந்தெடுத்து, கடை, பள்ளி, மருத்துவர், நிறுத்தம் ஆகிய நான்கிற்கும் ஆகும் நிமிடங்களைக் குறித்தோம்.

• எத்தனை பேருந்துகள் உள்ளன என்பதைவிட, இரவு ஒன்பது மணிக்கும் ஞாயிறன்றும் எவ்வளவு நேரத்துக்கு ஒன்று வருகிறது என்று பார்த்தோம்.

• பனி பெய்த மறுநாள் வீட்டைப் பார்க்கச் சென்றோம். கால்கரியில் பனிப்பொழிவு நின்ற 24 மணி நேரத்துக்குள் வீட்டை ஒட்டிய நடைபாதையை அவ்வீட்டார் துப்புரவாக்க வேண்டும் என்பது நகர விதி. அது பின்பற்றப்படுகிறதா என்பதை அன்றுதான் காண முடியும்.

• பனியைவிடப் பனிக்கட்டி ஆபத்தானது. சினூக் என்னும் வெப்பக் காற்று சில மணி நேரத்தில் பனியை உருக்கிவிடும். இரவில் அந்நீர் கண்ணாடிபோல் உறையும். முதியவர்கள் காலணியின் அடியில் மாட்டும் முள்பட்டையை வாங்கிக்கொள்வது நல்லது.

• இரு வீடுகளையும் பார்க்கக் காரில் செல்லவில்லை. ரயிலிலும் கால்நடையாகவுமே சென்றோம்.

புறப்படும் முன் வங்கியில்

புதிதாகக் குடியேறுபவர் முதலில் சில வாரங்களுக்கு மட்டும் தற்காலிக வீடு எடுத்து, ஊரை நடந்து பார்த்த பின் ஓராண்டு ஒப்பந்தம் செய்வது நலம். கால்கரி அமைந்துள்ள ஆல்பர்ட்டா மாகாணத்தில் முன்பணம் ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அதற்கு மேல் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை.

பெற்றோர் இங்கிருந்து உதவ விரும்பினால், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் 1 முதல், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கே மூலத்தில் வரி வசூலிக்கப்படுகிறது. அதையும் வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். வேலைக்காக வெளிநாட்டில் குடியேறுபவர் இங்குள்ள தம் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கு ஈட்டுவதை இங்கு சேமிக்க என்.ஆர்.இ. கணக்கு உண்டு. இவற்றை விமானம் ஏறும் முன் கிளையில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நாங்கள் திருப்பதிக்குத் திரும்பிவிட்டோம். இரண்டாம் குளிர்காலத்தில் சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்தது. இப்போது மகள் தொலைபேசியில் பேசும்போது பின்னணியில் ரயிலின் மணியோசை கேட்கும். பணி முடிந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறாள் என்று அறிந்துகொள்வோம். ஆறு நிமிடம், அதற்குள் எங்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவாள்.