எந்த விதி ஜெயிக்கும்?

ஜெர்மனியில் ஓட்டுநர் உரிமத்துக்குப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி நினைவிருக்கும். சந்திப்பில் 'வழிவிடு' பலகை இருக்கிறது, சிக்னல் பச்சையாக எரிகிறது, நடுவில் நிற்கும் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்துகிறார். யார் பேச்சைக் கேட்பது? முதலில் போலீஸ், அடுத்து சிக்னல், அப்புறம் பலகை. மூன்றும் இல்லாவிட்டால்தான் வலப்பக்கம் வருபவருக்கு முன்னுரிமை. போக்குவரத்து விதிகளின் 36, 37-ஆம் பிரிவுகளைப் படித்தால் குழப்பமே வராது.

நெட்வொர்க்கைக் காவல் காக்கும் ஃபயர்வாலிலும் இப்படி விதிகள் மோதும். ஆனால் அங்கே எல்லோருக்கும் பொதுவான ஒரே சட்டம் கிடையாது. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வெளியாள் ஒருவரின் ஒப்பந்தம் முடிந்தது. அவருடைய ஐபி முகவரியைத் தடுக்கச் சொன்னார்கள். லினக்ஸ் சர்வரின் ஐபிடேபிள்ஸ் பட்டியலில் கடைசியாக ஒரு வரி சேர்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மூன்று வாரம் கழித்து லாக்கைப் பார்த்தால், அதே முகவரியிலிருந்து இணைப்புகள் தாராளமாக வந்துகொண்டிருந்தன!

காரணம் எளிது. ஐபிடேபிள்ஸ் மேலிருந்து கீழாகப் படிக்கும். அனுமதி, தடை என எது முதலில் பொருந்துகிறதோ, அங்கேயே முடிவு. அந்த முகவரி அடங்கிய வரம்பு முழுவதையும் அனுமதிக்கும் பழைய விதி ஒன்று மேலே இருந்தது. நான் எழுதிய வரி வரைக்கும் அது வரவே இல்லை.

அதற்கு முன் நான் பழகியது ஓபன்பிஎஸ்டியின் பிஎஃப். அதில் நேர் எதிர்: 'குவிக்' என்று குறிப்பிடாவிட்டால், பொருந்தும் கடைசி விதிதான் ஜெயிக்கும். ஊரில் வண்டி ஓட்டிய பழக்கத்தில் இங்கே ஓட்டிய கதைதான்.

மற்றவை இன்னும் வேறு. விண்டோஸ் ஃபயர்வாலில், வெளிப்படையான தடை அனுமதியை வெல்லும். அஷூரில் ஒவ்வொரு விதிக்கும் எண் உண்டு. சிறிய எண் முதலில். அமேசானின் செக்யூரிட்டி குரூப்பில் தடை விதியே எழுத முடியாது.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஏற்கெனவே நிறுவப்பட்ட இணைப்புகளை அனுமதிக்கும் விதி பொதுவாகப் பட்டியலின் உச்சியில் இருக்கும். எனவே புதுத் தடையைச் சரியான இடத்தில் போட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு அறுபடாது. அதைத் தனியாகத் துண்டிக்க வேண்டும்.

பான் நகரிலுள்ள தகவல் பாதுகாப்புக்கான கூட்டாட்சி அலுவலகம், வெளிப்படையாக அனுமதிக்காத எதையும் தடுக்கச் சொல்கிறது. நல்ல அடித்தளம்தான். ஆனால் அனுமதியே அகலமாக இருந்தால் அதுவும் காப்பாற்றாது.

ஐ.டி. பயிற்சியில் சேரும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: விதியைச் சேர்த்ததும் 'முடிந்தது' என்று எழுதாதீர்கள். தடுக்கப்பட்ட பக்கத்திலிருந்து ஒருமுறை இணைத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. நான் அதைச் செய்திருந்தால், அந்தக் கதவு மூன்று வாரம் திறந்து கிடந்திருக்காது.