பவளத்துக்கு எந்த விளக்கு?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர், மனைவியோடும் ஒன்பது வயதுப் பெண்ணோடும் அவ்வழியே வந்தார். க்ஷேம விசாரணைகள் முடிந்ததும், "ஸார், ஒரு ஸயன்ஸ் சந்தேகம்" என்று ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் உப்பு நீர் நிரப்பி, மென்பவளம் என்னும் ஜாதியில் ஒரு துண்டு வாங்கி வைத்திருந்தாராம். முதலில் கூடத்து விளக்கே போதுமென்று விட்டுவிட்டார். அது நாளுக்கு நாள் வாடிச் சுருங்கிற்று. வெளிச்சம் போதவில்லை என்று யாரோ சொல்ல, பெரிய விளக்கு ஒன்றை வாங்கி மாட்டிக் காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரையில் எரிய விட்டார். சில நாட்களில் பவளம் காகிதம் போல் வெளுத்தது. பிறகு கரைந்தே போயிற்று.

"இந்தத் தடவை பாறைப் பவளமே வைக்கலாம் என்றிருக்கிறோம். எந்த விளக்கு வாங்கலாம், ஸார்?" என்றார் அவர்.

நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் குறுக்கிட்டாள். "மாமா, தினம் நான்தான் விளக்குப் போட்டேன். அதனாலேதான் செத்துப் போச்சா?"

தகப்பனார் கேள்வியைவிடக் குழந்தையின் கேள்விதான் என்னைச் சிந்திக்க வைத்தது. அன்று அவர்களுக்குச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

செடியா, பிராணியா?

பவளம் கல்லுமல்ல, செடியுமல்ல. அது ஒரு பிராணி. இதை 1720-களில் எடுத்துச் சொன்னவர் பெய்ஸொனெல் என்ற மார்ஸேல் நகரத்து வைத்தியர். பாரிஸ் பண்டிதர்கள் அதை நம்பவில்லை. அவருடைய கருத்தை ஸபையில் எடுத்துரைத்த ரெயோமூர், எழுதியவருக்கு அவமானம் நேரக் கூடாதென்று அவர் பெயரை மறைத்தே சொன்னாராம்!

பெய்ஸொனெல் ஆராய்ந்தது, நாம் மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளத்தின் இனம். அது மத்தியதரைக் கடலின் இருண்ட குகைகளிலும் ஆழத்திலும் வளர்வது. தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணிய இரையைப் பிடித்துத் தின்று ஜீவிக்கும். அதற்கு வெளிச்சமே அவசியமில்லை.

ஆனால் நம் ராமேசுவரத்துப் பக்கத்தில் மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் பவளப்பாறையின் கதை வேறு. அந்தப் பாறையைக் கட்டும் பவளத்தின் சதைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத பாசி கோடிக்கணக்கில் குடியிருக்கிறது. பாசி வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைக்கிறது. அதில் பெரும் பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளமோ பாசிக்கு வாசஸ்தலமும் உரமும் தருகிறது. பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 100-க்கு 90 பங்கு வரையில் இந்தப் பாசி தருவதுண்டு. 1928-29-ல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் யாங் என்ற ஆங்கில விஞ்ஞானியும் அவர் கோஷ்டியாரும் பவளங்களை இருட்டுப் பெட்டியில் வைத்துப் பரீட்சித்தார்கள். அவை பாசியை இழந்து வெளுத்துப் போயின.

ஆகவே பவளத் தொட்டியின் விளக்கு அலங்காரமல்ல. அது சோற்றுப் பானை.

விளக்கின் நான்கு லக்ஷணங்கள்

முதலாவது, நிறம். கடல் நீர் சூரிய வெளிச்சத்தில் சிவப்பை முதலில் விழுங்கிவிடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் சிவப்பு ஏறக்குறைய மறைந்துவிடும், நீலமே மிஞ்சும். பவளத்தின் பாசி அந்த நீலத்துக்குப் பழகியது. இந்த நிறத்தைக் கெல்வின் என்னும் அளவால் குறிக்கிறார்கள். மஞ்சள் குண்டு விளக்கு சுமார் 2,700 கெல்வின். வெள்ளைக் குழல் விளக்கு சுமார் 6,500. பவளத் தொட்டிக்கு 10,000 முதல் 20,000 வரையில் உள்ள நீலம் கலந்த விளக்கையே பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது, வலிமை. 'வாட்' கணக்கைப் பார்த்து வாங்குவது தவறு. அது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவேயன்றிப் பவளத்துக்குக் கிடைக்கும் வெளிச்சத்தின் அளவல்ல. ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு விழும் ஒளித்துகளை எண்ணும் கருவி உண்டு. அந்தக் கணக்கில் உஷ்ணதேசத்து உச்சிவெயில் சுமார் 2,000. மென்பவளங்களுக்கு 50 முதல் 150 போதும். கிளை விடும் பாறைப் பவளங்களுக்கு 200 முதல் 350 வேண்டும். தொட்டி ஆழமானால் அடியில் வெளிச்சம் குறையும். விளக்கின் மேல் உப்புப் படிந்தாலும் குறையும்.

மூன்றாவது, நேரம். உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டியதுபோல் பாசிக்கும் இரவு வேண்டும். நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் போதுமானது. புது விளக்கை முதல் நாளே முழு வலிமையில் எரிய விடலாகாது. குறைவாக ஆரம்பித்துச் சில வாரங்களில் படிப்படியாக உயர்த்த வேண்டும். வெளிச்சம் திடீரென்று மிகுந்தால் பாசி விஷம் போன்ற பொருள்களை உண்டாக்குகிறது. பவளம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. வெளுப்பு என்பது இதுதான். பட்டினியாலும் வெளுக்கும், அஜீரணத்தாலும் வெளுக்கும்!

நான்காவது, உஷ்ணம். தொட்டி நீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நலம். பழைய மெட்டல் ஹேலைட் விளக்குகள் வெயில் போல் காய்ந்து நீரைச் சுட வைத்துவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது தாங்காது. குழல் விளக்குகளில் உஷ்ணம் குறைவு. ஆனால் ஒரு வருஷத்துக்குள் வலிமை குன்றிவிடும், மாற்ற வேண்டும். எல்.இ.டி. விளக்கே இன்று சிலாக்கியமானது. அதன் வலிமையையும் நிறத்தையும் வேண்டியபடி கூட்டலாம், குறைக்கலாம்.

விளக்கே இல்லாமல் இதைச் சாதித்தவரும் உண்டு. புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சுக்காரர் வசமிருந்த, இன்றும் இருக்கிற நியூ கலிடோனியாத் தீவில், நூமேயா நகரத்தில் 1956-ல் ரெனே கத்தாலா என்பவர் ஒரு மீன் காட்சிசாலை அமைத்தார். ஓடும் கடல்நீரையும் சூரியனையுமே நம்பிப் பவளங்களை வளர்த்தார்.

மன்னார் வளைகுடா

நிற்க. "பாறைப் பவளமே வைக்கலாம்" என்றாரே நண்பர், அதற்கு விளக்கு எதுவாயினும் சட்டம் இடந்தராது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் யாவும் 2001-ல் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு! கடலிலிருந்து எடுப்பதும் குற்றம். விற்பதும் வாங்குவதும் குற்றம்.

காரணம் இல்லாமல் இல்லை. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் வளர்ந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டி எடுத்தோம். அலையைத் தடுத்த அரண் போயிற்று. 2 தீவுகள் நீருக்குள் மறைந்தன. 1986-ல் அப்பகுதி கடல் தேசியப் பூங்காவாயிற்று. ஆயினும் 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் கடல் நீர் மிதமிஞ்சிச் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்தன. நண்பரின் கூடத்துத் தொட்டியில் நடந்ததேதான் அங்கேயும் நடந்தது. ஆனால் அந்த விளக்கை அணைக்க நம்மிடம் ஸ்விட்ச் இல்லை.

நண்பர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "அப்படியானால் தொட்டியைக் காலியாகவா வைப்பது?" என்றார்.

"வேண்டாம். வளர்ப்பிலேயே பிறந்த கோமாளி மீன்கள் கிடைக்கின்றன. நம் நாட்டு விஞ்ஞானிகளே தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். அதற்குச் சாதாரண எல்.இ.டி. விளக்கு, பகலில் எட்டு மணி நேரம் எரிந்தால் ஏராளம்" என்றேன்.

குழந்தை இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நீ விளக்குப் போட்டது தப்பில்லை. எத்தனை நேரம் போட வேண்டும் என்று பெரியவர்கள் நாங்கள் தெரிந்துகொள்ளவில்லை, அதுதான் தப்பு" என்றேன்.

அவள் யோசித்தாள். "அப்போ ராத்திரி எட்டு மணிக்கு நானே அணைச்சுடறேன்" என்றாள்.